அரிசி வாளிக்குள் ஒரு தேர்தல்

பகல் சோற்றுக்கு அரிசி அளக்கச் சுண்டுக் குவளையை வாளிக்குள் விட்டேன். டக்கென்று ஏதோ தட்டியது. என் போன்தான், நேற்று நானே புதைத்து வைத்தது. பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர், "எலக்சன் வந்துட்டுது போல" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே, தோழி, நீயும் நினைவில் வந்துவிட்டாய். அடுத்த வாரம் தேர்தல். நீ கண்மூடிய பிறகு எனக்கு வரும் முதல் தேர்தல்.

நீயும் நானும் ஒரே பாடசாலையில் படிப்பித்து, ஒரே வருடம் ஓய்வு பெற்றோம். வட்டி எனக்கு ஆகாது என்பதால், கைக்கு வந்த பணத்தைப் பங்குகளில் போட்டேன். உனக்கு அப்படி ஒரு தடையும் இல்லை. இருந்தும், "நீ போடுற இடத்திலதான் நானும்" என்று ஒட்டிக்கொண்டாய். என் பணம் ஹஜ்ஜுக்கு. உன் பணம், வயதான காலத்தில் பிள்ளைகளிடம் கை நீட்டாமல் இருப்பதற்கு.

முதன்முதலில் போன் அரிசிக்குள் போனதும் ஒரு தேர்தல் வாரத்தில்தான். உடப்புக் கடற்கரையிலிருந்து பஸ்ஸில் இறால் கொண்டு வந்தாய். பங்கு விலை விழுவதைப் பார் என்று குசினியில் என் முகத்துக்கு நேரே நீ நீட்டிய உன் போன், இறால் கழுவிய சட்டிக்குள் விழுந்தது. ஈரம் இழுக்கட்டும் என்று அதை அரிசிக்குள் புதைத்தேன். மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக வாசலில் நின்றாய்.

"எல்லாத்தையும் வித்துப்போடணும். போனைத் தா."

"இன்னும் காயல்ல. என்ட போன்ல தரகரோட கதையேன்."

"அவர்ட நம்பரும் அதுக்குள்ளதானே கிடக்கு!"

கதிரையில் உட்கார்ந்து அழுதாய். சிரிப்பை அடக்க முடியாமல் நான் தேத்தண்ணி ஊற்றப் போனேன். போன் காய்ந்து உயிர் பெற்றபோது தேர்தல் முடிந்திருந்தது. விழுந்த விலையும் எழும்பியிருந்தது. இறால் வாடை மட்டும் அந்தப் போனை விட்டுக் கடைசிவரை போகவில்லை.

அதன்பிறகு தேர்தல் வந்தால், பதறி விற்றுவிடாமல் இருக்க, நாமாகவே இரண்டு போனையும் வாளிக்குள் போட்டோம். அதற்கு முன் நீ ஒரு வேலை செய்ய வைப்பாய். "ஒரு வருசத்துச் சாப்பாட்டுச் செலவையும் உன்ட மக்காக் காசையும் முதல்ல வெளியில எடுத்து வை. மிச்சம் ஆடினா ஆடட்டும்." என் ஹஜ் காசில் என்னைவிட உனக்குத்தான் கவலை. பிறகு, "நான் அழுதாலும் தராத, என்ன?" என்பாய். "ஓம், ஓம்" என்பேன். மறுநாளே வந்து கேட்பாய். பிள்ளைகள் அழைத்தால் வாளிக்குள் இருந்து மணி அடிக்கும். "அரிசி கதைக்குது" என்று இருவரும் ஓடுவோம்.

இம்முறையும் உன் ஒழுங்குப்படிதான் செய்தேன். சாப்பாட்டுச் செலவை ஒதுக்கினேன். ஹஜ் காசை எடுத்துப் பயணத்துக்குக் கட்டியும் விட்டேன். ஆனால் இன்று போன் தட்டுப்பட்ட நேரம் பார்த்து, பகல் செய்தியில் பங்குச் சந்தை விழுந்தது என்றார்கள். சுண்டுக் குவளையைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்து அரிசித் தூசி தட்டினேன். மிச்சத்தையாவது விற்றுவிடுவோமே! தடுக்க நீ இல்லை. "தா" என்று கேட்டவளும் நான், "இன்னும் காயல்ல" என்று மறுத்தவளும் நான். வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். போனைத் திரும்பப் புதைத்துவிட்டு உலை வைத்தேன்.

போன தேர்தல் முடிந்த அன்று நீ சொன்னது நினைவிருக்கிறதா? "மக்காவுக்குப் போனா எனக்கும் ஒண்டு கேளு. பொறுமையைக் குடு எண்டு கேளு. என்னட்ட அதுதான் இல்ல."

இன்ஷா அல்லாஹ், வரும் ஹஜ்ஜுக்குப் போகிறேன். உனக்கு இனிப் பொறுமை தேவைப்படாது. ஆனாலும் நீ கேட்கச் சொன்னதையே கேட்பேன். நீ வராத இந்தக் குசினியில் இருக்க, எனக்கு அது வேண்டும்.