அன்சல்மோவின் கொட்டகை மேல் விழுந்த பனி

ஐடஹோ மலை,
பிப்ரவரி 12

கோரினுக்கு,

உன் கம்பளிக் காலுறைகளையும் ரேடியோவையும் பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறேன். துவைத்துத்தான். என் வீட்டில் நீ வாடகைக்கு இருந்த அறையை வேறொருவருக்கு விடுவதாக இல்லை; உனக்கும் இல்லை.

கோயில் கூடத்தில் எல்லார் முன்பும் உன்னை அப்படிக் கேட்டிருக்க வேண்டாம் என்றார் பாதிரியார். வேறெங்கே கேட்பது? பனிப் பாரத்தில் அன்சல்மோவின் கொட்டகை இடிந்து சினையாடுகள் செத்ததை ஊரே பார்த்தது. அன்று காலை உங்கள் ஆராய்ச்சி விமானம் பனியைக் கூட்ட மலை மேகத்துக்குள் மருந்து எரிக்கப் போன சத்தத்தை நானே கேட்டேன். "நீங்க பண்ணதா இல்லையா?" என்றேன். "எனக்குத் தெரியாது" என்றாய். பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரிகள் எனக்கு ஆம், இல்லை என்ற இரண்டு பதில்களைத்தான் கற்றுத்தந்தார்கள். "செஞ்சவளுக்கே தெரியாதாம்! நல்லாருக்குடி உன் படிப்பு" என்றேன். இன்றும் அதையே சொல்வேன்.

திருமதி கிராசியானா அரேகி

*

பாய்சி,
ஏப்ரல் 20

மதிப்பிற்குரிய திருமதி அரேகி அவர்களுக்கு,

பெட்டி வந்தது. நன்றி.

பனிக்காலம் முடிந்து, அதுவரை மூடி வைத்திருந்த முடிவுகளைத் திறந்துவிட்டார்கள். இப்போது சொல்லலாம். ஒவ்வொரு பனிப்புயலுக்கும் விமானம் போகும். சில நாள் இறக்கையில் வெள்ளி அயோடைடு குச்சிகள் எரியும். சில நாள் மருந்தில்லாத வெறும் குச்சிகள். இரண்டையும் ஒப்பிட்டால்தான் பனி எங்களால் கூடியதா, தானாக வந்ததா என்பது புரியும். எந்த நாளில் எது என்று விமானிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்தால் ஆசைப்பட்டதையே அளந்துவிடுவோம்.

அன்று எரிந்தவை வெறும் குச்சிகள்.

இத்தனை நாளும் அந்த ஆடுகளை நான்தான் கொன்றேனோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்சல்மோவிடம் சொல்லிவிடுங்கள். அடுத்த குளிர்காலத்துக்கு வேறிடத்தில் தங்க ஏற்பாடு செய்துகொண்டேன்.

கோரின் ஹால்வர்சன்

*

ஐடஹோ மலை,
மே 3

அன்புள்ள கோரின்,

'திருமதி' என்று எழுதியிருக்கிறாய். இரண்டு குளிர்காலம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவள். சரிதான்.

ஞாயிறு பூசைக்குப் பின், அதே கூடத்தில், எல்லாரும் சாப்பிட உட்கார்ந்ததும் எழுந்து நின்றேன். அன்று எரிந்தவை வெறும் குச்சிகள் என்பதைச் சொன்னேன். "கோரின் உண்மையத்தான் சொன்னா. நான்தான் அவளப் பொய்க்காரி ஆக்கினேன்."

"கிராசியானா தப்பு பண்ணிட்டாளா? ஃபாதர், மணிய அடிங்க!" என்றான் அன்சல்மோ. கூடமே சிரித்தது. "சரி, நெஜ மருந்து போட்டிருந்தாலும் தெரியாதுன்னுதானே சொல்லியிருப்பா?"

"ஆமா. அப்பவும் அது உண்மைதான்."

"அப்ப மேகத்து மேலதான் கேஸ் போடணும். உக்காரும்மா, சூப் ஆறுது."

அவ்வளவுதான். திட்டு வாங்கத் தயாராகப் போயிருந்தேன். யாரும் திட்டவில்லை.

உன்னை அறையைக் காலிசெய்யச் சொன்ன அன்றும் எல்லாரும் இப்படித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நீ கூடத்து வாசலில் உன் வண்டிச் சக்கரங்களைச் சுற்றிப் பனியை வெட்டிக்கொண்டிருந்தது ஜன்னல் வழியே தெரிந்தது. உதவ ஒருவரும் எழவில்லை. நான் இன்னொரு கிண்ணம் பூண்டு சூப் கேட்டு வாங்கிக் குடித்தேன். ருசியாகவும் இருந்தது.

அதை மட்டும் கூடத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கிராசியானா