வானம் மூடியிருக்கிறது என்று சொன்னவளுக்கு

என் ராசாத்தி அக்காவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. வெண்டைக்காய் வதக்கும்போதுகூட, இதற்கு நீ என்ன குறை சொல்லுவாய் என்று ஒரு நிமிஷம் கரண்டியோடு நின்றுவிடுகிறேன். சொல்ல நூறு சேதி இருக்கிறது. முதலில் நீ கேட்கக் காத்திருக்கும் சேதியைச் சொல்லிவிடுகிறேன். பந்தல் நிற்கிறது அக்கா. கம்பி அறுபடவில்லை.

காமயகவுண்டன்பட்டிக்கு நான் வாக்கப்பட்டு வந்த புதிதில் உன்னை எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. இதை நீ உயிரோடு இருந்தபோதே சொல்லியிருக்கலாம். நீ மூத்த மருமகள், நான் இளையவள். என் முதல் குழம்பை ருசி பார்த்துவிட்டு, "இம்புட்டுப் புளி எதுக்குத்தா? பித்தளைப் பானை வெளக்கவா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாய். அன்று சாயங்காலம் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு "நீங்க, வாங்க" என்று பேசியதும் சிரித்துவிட்டாய். "நான் என்ன ஒனக்கு டீச்சரா? நீன்னு சொல்லுடி" என்றாய். அன்றிலிருந்து பதினெட்டு வருஷம் நீதான் எனக்கு எல்லாம். கோபம் வந்தால் சண்டை போடவும் நீதான்.

நம் வீட்டு அண்ணன் தம்பி சண்டை ஊருக்கே தெரியும். உன் வீட்டுக்காரர் பெரிய மாமாவின் தோட்டமும் என் வீட்டுக்காரரின் தோட்டமும் ஒரே பந்தலின் இரண்டு பாதிகள். மாமனார் போட்ட திராட்சைப் பந்தல். இந்தக் கடைசிக் கல்லுக்காலில் இழுத்துக் கட்டிய கம்பி அந்தக் கடைசிக் கல்லுக்காலில்தான் முடிகிறது. ஆனால் இரண்டு பேரும் கொடியைக் கழித்துக் கவாத்து வெட்டுவது வேறு வேறு மாதம். இங்கே பழம் பழுக்கும்போது அங்கே பிஞ்சு.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு காலையில், நாங்கள் பழம் வெட்டும் நாளென்று தெரியாமல் பெரிய மாமா தன் பக்கம் மருந்து அடித்தார். மேல்காற்று எங்கள் பக்கம் அடித்தது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து எங்கள் கொத்துகளில் வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிட்டது. கேரளாவிலிருந்து வந்த வியாபாரி பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். "சொல்லிட்டு வெட்டுனா என்னலே?" என்றார் அண்ணன். "சொல்லிட்டு அடிச்சா என்ன?" என்றார் தம்பி. அவ்வளவுதான் பேச்சு. அன்றோடு நின்றது.

மறுவாரமே நீ உன் மஞ்சள் சேலையிலிருந்து ஒரு முழம் கிழித்து எடுத்து வந்தாய். நடுக் கல்லுக்காலைக் காட்டி, "நாளைக்கு வெட்டுன்னா இங்கன கட்டிரு. நான் பாத்துக்கிறேன். எங்க பக்கம் வெட்டுன்னா நான் கட்டுறேன், நீ பாத்துக்க" என்றாய். "அவுக கேட்டா?" என்றேன். "கிளி வெரட்டன்னு சொல்லு" என்றாய்.

அதைத்தான் ஆறு வருஷம் செய்தோம். நான் துணி கட்டிய மறுநாள் நீ பெரிய மாமாவிடம், "மானம் மூடியிருக்கு, இன்னைக்கு மருந்து வேணாம், மழை கழுவிரும்" என்பாய். நீ கட்டினால் நான் என் வீட்டுக்காரரிடம் மருந்து மோட்டாரில் என்னவோ சத்தம் வருகிறது என்பேன். இரண்டு ஆம்பளைகளும் தாங்கள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்கள். அதற்கப்புறம் ஒரு கொத்துகூடக் கெடவில்லை. பந்தலுக்கடியில் நாம் இரண்டு பேரும் குனிந்து குனிந்து சிரித்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

மாசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், கம்பம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே போய்விட்டாய். வாசலில் உன்னைக் கிடத்தியிருந்தபோதும் அண்ணன் ஒரு மூலையில், தம்பி ஒரு மூலையில். எனக்கு உன் மேல்தான் கோபம் வந்தது. இவர்களை என் தலையில் கட்டிவிட்டுப் போகிறாயே என்று.

பதினாறாம் நாள் முடிந்ததும் பெரிய மாமா ஆறு புதுக் கல்லுக்கால்களைக் கொண்டுவந்து வரப்பில் இறக்கினார். "இன்னும் எதுக்கு ஒண்ணாக் கெடக்கணும்? இந்த வருஷ வெள்ளாம முடியவும் நடுவுல கல்ல ஊண்டிக் கம்பிய அறுத்துக்கிறேன்" என்று ஊராரிடம் சொன்னாராம். நடுவில் அறுத்தால் இழுப்பு விட்டுப்போய் இரண்டு பக்கக் கொடியும் தரையில் படுத்துவிடும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். வீம்பு. என் வீட்டுக்காரரும், "அறுக்கட்டும்" என்றார். அவருக்கும் வீம்பு.

போன மாதம் எங்கள் பக்கம் வெட்டு. முதல்நாள் சாயங்காலம் பழக்கதோஷத்தில் மஞ்சள் துணியைக் கட்டிவிட்டு வந்தேன். யார் பார்ப்பார்கள் என்று யோசிக்கவே இல்லை. நீ இல்லை என்பது அப்போது என் கைக்குத் தெரியவில்லை அக்கா.

காலையில் நான் தோட்டத்துக்குள் நுழையவும் உங்கள் பக்கம் மருந்து மோட்டார் சத்தம். என் வீட்டுக்காரர் வண்டியைக் கூட்டிவர ரோட்டுக்குப் போயிருந்தார். தம்பி பெண்டாட்டி மூத்தவரிடம் முகம் பார்த்துப் பேசக்கூடாது என்பது நம் வீட்டு வழக்கம். பதினெட்டு வருஷத்தில் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. என்ன சொல்வதானாலும் உன் வழியாகத்தான். ஆனாலும் வரப்பில் ஓடினேன். இரைந்து கத்தினேன்.

"மாமா! மோட்டார நிறுத்துங்க! இங்கன இன்னைக்கு வெட்டு!"

நிறுத்திவிட்டார். கையில் குழாயோடு என்னைப் பார்த்தார். கல்லுக்காலைக் காட்டி, "துணி கட்டியிருக்கேன் மாமா. அக்கா இருந்தா பாத்திருக்கும்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். நம் ரகசியத்தை உடைத்துவிட்டேன், மன்னித்துக்கொள்.

அவர் கிட்டே வந்து துணியைத் தொட்டுப் பார்த்தார். "இது அவ தீவாளிச் சேலையில்ல?" என்றார். பிறகு மெதுவாக, "மானம் மூடியிருக்குன்னு சொல்லுவா. நான் அண்ணாந்து பாப்பேன். வெயிலு சுள்ளுன்னு அடிக்கும். இவ சொன்னா எதுக்காச்சும் இருக்கும்னு குழாயச் சுருட்டி வச்சிருவேன்" என்றார்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது அக்கா! துணி தெரியாது, ஆனால் நீ சொன்னது பொய்யென்று ஆறு வருஷமாகத் தெரியும். ஒருநாளும் கேட்கவில்லை. உனக்கு அது தெரியுமா? தெரிந்துகொண்டேதான் சொன்னாயா? உங்கள் இரண்டு பேரில் யார் யாரை ஏமாற்றினீர்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

அதற்குள் வண்டியோடு என் வீட்டுக்காரர் வந்துவிட்டார். அண்ணன் நிற்பதையும் நான் அழுவதையும் பார்த்து முறைத்தார். பெரிய மாமா என்னிடம், "ஆத்தா, ஒரு கத்திரி குடு" என்றார். வாங்கிக்கொண்டு எங்கள் பந்தலுக்கடியில் குனிந்து வெட்ட ஆரம்பித்துவிட்டார். ஒரு கூடை நிறைந்தது. அப்புறம் என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"அந்த வரிசை இன்னும் பழுக்கலண்ணே. இங்கிட்டு வாங்க."

கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று நினைக்காதே. நம் வீட்டு ஆம்பளைகள் அந்த ரகம் இல்லை. இன்னமும் ஒரு நாளைக்கு நாலு வார்த்தைதான். அந்த ஆறு கல்லுக்கால்களும் வரப்பிலேயே கிடக்கின்றன. மத்தியானம் அதில் உட்கார்ந்துதான் எல்லாரும் சாப்பிடுகிறோம். என் குழம்பில் புளி தூக்கலாக இருக்கிறது என்று நேற்று பெரிய மாமா சொன்னார். நீயே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

பெரிய படிப்பு, பெரிய பேச்சு எதுவும் இல்லாமல், ஒரு முழத் துணியையும் ஒரு பொய்யையும் வைத்து இரண்டு வீட்டைத் தாங்கினாயே, அந்தச் சாமர்த்தியம் எனக்கு வராது. எனக்குச் சத்தம் போடத்தான் வரும். ஆனாலும் உன் வேலை என் கைக்கு வந்துவிட்டது. இப்போதெல்லாம் மருந்து கலக்குவதற்கு முன் பெரிய மாமா நடுக் கல்லுக்கால் பக்கம் வந்து நின்று குரல் கொடுக்கிறார்.

"ஆத்தா, மானம் எப்பிடி இருக்கு?"

வெயில் கொளுத்தும். எங்கள் பக்கம் வெட்டு என்றால், "மூடியிருக்கு மாமா" என்கிறேன். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, சரி என்று குழாயைச் சுருட்டுகிறார்.

நான் இருக்கும்வரை அவருக்கு அந்தப் பதில் கிடைக்கும் அக்கா. இது சத்தியம்.

உன் ஓரகத்தியாக வந்து, உனக்குத் தங்கச்சியாகிப் போன
செல்வி