அங்கிருந்து என் அறையைச் சூடாக்காதே

ஸ்கோப்யே,
ஜனவரி மாசம், ஞாயிற்றுக்கிழமை

மகன் கிலிகோருக்கு அம்மா எழுதுறது. நான் உயிரோடதான் இருக்கேன், அதைத்தானே நீ முதல்ல தெரிஞ்சுக்கணும்னு துடிக்கிற. மூட்டு வலி வழக்கம்போல, பசி நல்லா எடுக்குது, ரத்தக் கொதிப்பு மட்டும் ஏறிக் கிடக்கு, அதுக்குக் காரணம் நீதான். நீ அயர்லாந்துல சுகமா இருக்கியான்னு கேக்கணும், கேக்கிறேன், ஆனா இந்தத் தடவை பதில் உண்மையா வரணும், ஏன்னு பின்னால சொல்றேன். போன் இருக்கும்போது எதுக்குக் காகிதம்னு நினைப்ப. போன்ல நான் வாயைத் திறந்தாலே சரிம்மா சரிம்மான்னு சொல்லி என் வாயை அடைச்சிடுவ, காகிதத்துல நீ குறுக்க பேச முடியாது.

அக்டோபர்ல வந்தப்போ ஹீட்டருக்கும் சுவத்து பிளக்குக்கும் நடுவுல எதையோ சொருகி, மேசை மேல ஒரு வெள்ளைப் பெட்டியை வெச்சு, அம்மா இது உன் ரூம் எவ்வளவு குளுருதுன்னு என் போன்ல காட்டும், குளுந்தா தானா ஹீட்டரைப் போடும், கரண்ட் பில்லை நான் கட்டிக்கிறேன், நீ பேசாம உக்காந்திருன்னு சொல்லிட்டுப் போன. பேசாம உக்காந்திருக்க நான் என்ன பூந்தொட்டியா. ஊரே ராத்திரி மலிவு கரண்டுக்குக் காத்திருந்து துணி துவைக்குது, என் வீட்டுல மட்டும் பட்டப்பகல்ல, ஜன்னல்ல வெயில் அடிக்கிறப்போகூட டக்குனு ஒரு சத்தம், பாத்தா ஹீட்டர் செவசெவன்னு எரியுது. மீட்டர் ஓடுற ஓட்டத்தைப் பாத்தா எனக்கு வயிறு எரியும். பிளக்கைப் பிடுங்கினா அடுத்த நிமிஷம் உன் போன் வரும். அதுக்கு நானும் ஒரு வழி கண்டுபிடிச்சேன். பெட்டியைக் கொண்டுபோய் பீன்ஸ் வேகுற சட்டிக்குப் பக்கத்துல வெச்சுட்டா வீடு நல்லா சூடா இருக்குன்னு அது உனக்குச் சொல்லிடும். அம்மா முப்பது டிகிரி காட்டுது, கடற்கரைக்கு எதுவும் போயிருக்கியான்னு நீகூட ஒரு நாள் கிண்டல் பண்ணின. நான் கம்பளிக் கோட்டுக்குள்ள உக்காந்து சிரிச்சுக்கிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அடுப்பைத் துடைக்கலாம்னு பெட்டியைக் கையில எடுத்தவ, அதோடயே பால்கனிக்குப் போனேன், ஊறப் போட்ட முட்டைக்கோஸ் பீப்பாயில இருந்து ஒரு கோஸ் எடுக்க. உனக்குத்தான் தெரியுமே, ரெண்டு கையும் வேணும். பெட்டியைப் பீப்பாய் பக்கத்துல வெச்சேன், கோஸை எடுத்தேன், பெட்டியை மறந்தேன், அவ்வளவுதான். நேரா கீழ்வீட்டு பெர்சாகிட்ட போய்ட்டேன், கோஸ் இலையில அரிசியும் கறியும் சுத்தி வைக்க அவளுக்கு ஆள் வேணும், எனக்கு அவ வீட்டு விறகு அடுப்பு வேணும். என் போன் மேல சார்ஜ்ல கிடக்கு. நீ அங்க மைனஸ் நாலுன்னு பாத்திருக்க, ஹீட்டர் கெட்டுப் போச்சு அம்மா விறைச்சுப் போய்ட்டான்னு முடிவு கட்டிட்ட. சரி, பயந்த, அதை நான் குத்தம் சொல்லலை. பெர்சா நம்பர் உன்கிட்ட இருக்குல்ல. அதை விட்டுட்டு வாடகை வாங்குற வீட்டு ஓனர் ஸ்பீரோவுக்கு அடிச்சு, எங்கம்மா உள்ள செத்துக் கிடக்கா கதவை உடைங்கன்னு அழுதிருக்க. சொல்லாம கொள்ளாம நுழையறான்னு போன வருஷம்தான் நான் பூட்டையே மாத்தினேன், அவனுக்கு அதுல ஏற்கனவே காந்தல், நீ கேட்டதும் ரெண்டு ஆளையும் கடப்பாரையையும் கூட்டிக்கிட்டு ஓடி வந்துட்டான்.

தலைக்கு மேல மடார் மடார்னு சத்தம் கேட்டு நானும் பெர்சாவும் கையெல்லாம் அரிசியோட மேல ஓடினோம். கதவு பேந்து கிடக்கு, உள்ளேர்ந்து ரொட்டி அடுப்பைத் திறந்த மாதிரி அனல் வீசுது. வெளிய கிடந்த பெட்டி குளுருது குளுருதுன்னு கத்த, அந்தப் பாழாப்போன ஹீட்டர் யாருமே இல்லாத ரூமைப் போட்டு வாட்டியிருக்கு. ஸ்பீரோ நடுவுல நின்னு கோட்டைக் கழட்டிட்டு நெத்தியைத் துடைச்சான். ஜன்னல் வழியா காத்து வருது, ஹீட்டர் போட வக்கில்லை, ஜன்னலைச் சரி பண்ணிக் கொடு, வாடகையை ஏத்தாதேன்னு நான் அவன்கிட்ட ஒரு வருஷமா மல்லுக்கு நிக்கிறேன். அவன் படிக்கட்டு முழுக்கக் கேக்கிற மாதிரி சொல்றான், பாத்துக்கங்க, வக்கில்லாதவ வீடு இதுதான், ஆளே இல்லாத ரூமுக்கு அயர்லாந்துலேர்ந்து கரண்ட் வருதுன்னு. நான் பொய் சொன்னவளா ஆயிட்டேன்டா. மாடி வீட்டுக்காரங்க வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. மார்ச்லேர்ந்து வாடகை கூட, கதவு செலவும் என் தலையில. அதையும் நானே கட்டிடுறேம்மான்னு நீ உடனே சொன்ன. அதுலதான் எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வந்துச்சு.

ஏன்னு இப்போ சொல்றேன். அன்னைக்கு ராத்திரி நீ வீடியோல வந்து அழுத. எப்பவும் மூஞ்சியை மட்டும் கிட்ட வெச்சுக் காட்டுவ, அன்னைக்கு மூக்கைத் துடைக்கப் போனைத் தள்ளிப் பிடிச்சதுல எனக்கு எல்லாம் தெரிஞ்சுது. ரூமுக்குள்ள உக்காந்துகிட்டு ஜாக்கெட்டைக் கழுத்து வரைக்கும் இழுத்து மூடியிருக்க. தலையில குல்லா. கால் மேல போர்வை. நீ பேசப் பேச வாயிலேர்ந்து புகை வருது. நீ சிகரெட் பிடிக்கிறவன் இல்லை. உன் ரூம்ல ஹீட்டர் இல்லையாடான்னு கேட்டேன், இருக்கும்மா, இங்க வெதுவெதுன்னு இருக்குன்னு புகையோட புகையா சொன்ன. யார் காதுல பூ சுத்துற. உன் வீட்டுலயும் கரண்ட் ஹீட்டர்தான், அங்க கரண்ட் என்ன விலைன்னு போன வருஷம் நீயேதான் புலம்பின. உன்னோடதை அணைச்சு வெச்சுக்கிட்டு என்னோடதை எரிய விடுறியா. எத்தனை மாசமா இது நடக்குது. நான் பீன்ஸ் சட்டிப் பக்கத்துல பெட்டியை வெச்சு உன்னை ஏமாத்தினேன்னு நினைச்சுச் சிரிச்சேனே, அதுக்கு இப்போ என்னை நானே திட்டிக்கிறேன். பெத்தவளை இப்படி அவமானப்படுத்த உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது. சின்ன வயசுல உனக்குச் சளி பிடிச்சா நான் ராத்திரி முழுக்கத் தூங்காம கிடப்பேன், நீ என்னடான்னா குளுருல கிடந்து எனக்குச் சூடு வாங்கி அனுப்புற. எனக்கு அந்தச் சூடு வேண்டாம், அது உடம்புல ஒட்டலை.

அதனால பிளக்கைப் பிடுங்கிட்டேன். பெட்டியைத் துணியில சுத்தி அலமாரியில பூட்டியாச்சு, போன் பண்ணிக் கெஞ்சினாலும் எடுக்க மாட்டேன். பகல்ல பெர்சா வீடு இருக்கு, படுக்கையில ரெண்டு வெந்நீர் பை இருக்கு. ஸ்பீரோவை நான் பாத்துக்கிறேன், அவனுக்கு என் வாயைப் பத்தித் தெரியும், நீ ஒரு காசும் அனுப்பக் கூடாது. இந்தக் கடிதத்தைக் கொண்டு வர்றது பெர்சாவோட தங்கச்சி மக ராத்கா, நீ இருக்கிற ஊர்லதான் அவளும் வேலை பார்க்கிறா. கூட மிளகாய் விழுது ஒரு பாட்டில், கம்பளி சாக்ஸ் ரெண்டு ஜோடி, பல் தேய்க்கிறப்போ தரையில வெறுங்காலோட நிக்காத, சாப்பாட்டை வேலையில நின்னுக்கிட்டே விழுங்காத. கடவுள் உன்னைக் காப்பாத்தட்டும், நம்ம வீட்டுப் புனிதர் நிக்கோலா உன் கூடவே இருக்கட்டும், உனக்கு நல்ல பொண்ணு அமையட்டும், அவளாவது உன் பேச்சை நம்பாம இருக்கட்டும். கடைசியா ஒண்ணு. ராத்காகிட்ட சொல்லி அனுப்பியிருக்கேன், பொருளைக் கொடுத்துட்டு உடனே கிளம்பிடாத, கோட்டைக் கழட்டி வெச்சுட்டு அவன் ரூம்ல ஒரு காப்பி குடிச்சுட்டு எனக்குப் போன் பண்ணுன்னு. அவ பொய் சொல்றவ இல்லை. குளுரலை அத்தைன்னு அவ சொல்ற அன்னைக்கு நான் இங்க என் ஹீட்டரைப் போட்டுக்கிறேன். அதுக்கு முன்னாடி போட மாட்டேன்.

கோபத்தோட,
உன் அம்மா
டோன்கா