கோட்டுப் போட்ட அப்பா

பாசிர் கூடாங்
ஆவணி, வெள்ளிக்கிழமை காலை

என் அன்பு மகன் செல்வாவுக்கு,

அம்மா எழுதுவது. கனடாவில் நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கின் முன்னால் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நானும் மலரும் மாப்பிள்ளை ஜீவனும் நலம். என் இனிப்புநீர் வியாதி ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது, அது கிடக்கட்டும். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று மலர் சிரிக்கிறாள். போனில் பேசினால் நீ சரிம்மா, சரிம்மா என்று நாலு தடவை சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, பாதியில் மடித்தாலும் மீதி உன் கையில்தானே இருக்கும். தமிழ்ப்பள்ளியில் படிக்க வைத்ததற்கு இதையாவது ஒழுங்காக வாசி.

முதலில் வீட்டுச் சங்கதி. பின்கட்டுக் கூரை ஒழுகுவதை மாப்பிள்ளை சரி செய்துவிட்டார். காற்று திரும்பினால் ரசாயனத் தொழிற்சாலை வாடை முன்போலவே அடிக்கிறது, துணியை உள்ளே காயப் போடுகிறேன். தொழிற்சாலை ஆட்களுக்கு அப்பா ஓட்டிய கிலாங் பஸ்ஸை இப்போது வேறொருவர் ஓட்டுகிறார். விடியுமுன் ஷிப்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு நம் தாமான் குடியிருப்பு வழியாகத்தான் போகிறது. முனையில் திரும்பும்போது அப்பா ஒரு சின்ன ஹாரன் அடிப்பாரே, எழுந்துவிட்டாயா என்று எனக்குக் கேட்பதுபோல. இந்த மனிதர் அடிப்பதில்லை, அவர் ஏன் அடிக்கப் போகிறார். ஆனாலும் அந்த நேரத்துக்கு முழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து காப்பி போட்டால் கை தன்னால் இரண்டு கோப்பையை எடுக்கிறது. ஒன்றைத் திரும்ப வைக்கும்போது அழுகை வருகிறது, அழுதுவிட்டுக் குடிக்கிறேன். இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று மலர் சொல்லியிருக்கிறாள். சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

மலர் இன்னொன்றும் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்துதான் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ கல்யாணப் படம் எடுக்கும் வேலைகளை எல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஏதோ கிடங்கில் பெட்டி அடுக்கப் போகிறாயாம். கேமராப் பை அலமாரி மேலே விமான நிலையத்தில் ஒட்டிய காகிதத்தோடு அப்படியே கிடக்கிறதாம். அதை விற்க ஆள் பார்த்துவிட்டாயாம். பெட்டி தூக்குவது இழிவில்லை ஐயா, உன் அப்பா பஸ் ஓட்டித்தான் உங்கள் இரண்டு பேரையும் ஆளாக்கினார். ஆனால் நீ அதை வயிற்றுக்காகச் செய்யவில்லை, உன்னையே தண்டித்துக்கொள்வதற்காகச் செய்கிறாய். பெற்றவளுக்கு இது தெரியாதா. கேமராவால்தான் அப்பாவுக்குக் கொள்ளி வைக்க முடியாமல் போனது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். குறுக்கே பேசாமல் கேள்.

எத்தனை தடவை விமானம் ஏறியவன் நீ. எதைக் கையில் வைக்க வேண்டும், எதைப் பெரிய பெட்டியில் போட வேண்டும் என்று எங்களுக்கே பாடம் எடுப்பாய். அன்றைக்கு மலர் போன் பண்ணி, அப்பா தாங்க மாட்டார் போலிருக்கிறது உடனே வா என்று சொன்னதும், கைக்குக் கிடைத்ததை எல்லாம் பெட்டியில் அள்ளிப் போட்டிருக்கிறாய். கேமராவின் உபரி பேட்டரிகளும் சட்டை துணிமணியோடு போய்விட்டன. ஸ்கேனில் பார்த்து உன்னைத் திரும்ப அழைத்து, பெட்டியைத் திறக்க வைத்து, கைப்பையில் இருந்த லென்ஸை எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் துடைத்துச் சோதித்து முடிப்பதற்குள் விமானம் போய்விட்டது. அடுத்தது மறுநாள்தான். அதுவரைக்கும் அந்த விமான நிலைய நாற்காலியில் நீ எப்படி உட்கார்ந்திருப்பாய் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன் சாமி.

இப்போது அம்மா சொல்வதைக் கணக்குப் போட்டுப் பார். அப்பா போனது வெள்ளிக்கிழமை விடியற்காலை. நீ அந்த முதல் விமானத்திலேயே ஏறியிருந்தாலும் வீடு வந்து சேர வெள்ளி மதியம் ஆகியிருக்கும். உயிரோடு நீ அவர் முகத்தைப் பார்த்திருக்க முடியாது. அது ஆண்டவன் எழுதியது, அதற்குப் பேட்டரி என்ன செய்யும். தவறியது கொள்ளி. அது எதனால் தவறியது தெரியுமா. நீ சனிக்கிழமை வந்துவிடுவாய் என்று எல்லோருக்கும் தெரியும். ஓர் இரவு வைத்திருந்தால் போதும், கெடாமல் வைக்க இந்தக் காலத்தில் வழியா இல்லை. பெரியப்பாதான் குதித்தார். சனிப் பொணம் தனிப் போகாது, குடும்பத்துல இன்னொன்னக் கூட்டிக்கிட்டுப் போவும், பொழுது சாயறதுக்குள்ள எடுங்க என்று ஒரே பிடியாக நின்றார். கோழி கட்டி எடுக்கலாமே மாமா என்று மாப்பிள்ளை மெல்லச் சொன்னார். சனிக்கிழமை எடுத்தால் துணைக்கு ஒரு கோழிக் குஞ்சைக் கட்டி அனுப்புவதுதானே நம் வழக்கம். அதெல்லாம் பரிகாரம், என் தம்பிக்குப் பரிகாரம் எதுக்கு என்று பெரியப்பா சத்தம் போட்டார். என்னை யாரும் கேட்கவில்லை. நான் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். பெரியப்பா மகன் தீபன் மின்சுடலையில் கொள்ளி வைத்தான், அவனும் பாவம், அண்ணன் வரட்டுமே என்று அழுதுகொண்டேதான் வைத்தான். ஆக, நீ தவறவிட்டது பேட்டரியால் இல்லை. ஒரு கோழிக் குஞ்சால். இதை எழுதும்போதே எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு வருகிறது, ஒரு பக்கம் பெரியப்பாவை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருக்கிறது.

கேட்டும் விட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை சிம்பாங் ரெங்கத்திலிருந்து பெரியப்பா வந்திருந்தார், வரும் ஐப்பசியில் அப்பாவுக்கு முதல் திவசம் வருகிறதே அதைப் பற்றிப் பேச. பேச்சுவாக்கில், அப்பன் சாகக் கெடக்குறப்ப கேமராவத் தூக்கிட்டு வந்தவன்தான ஒன் மகன், இந்தத் தடவையாச்சும் நேரத்துக்கு வரச் சொல்லு என்றார். நீ வந்து இறங்கிய அன்றும் அவர் இதையேதான் எல்லார் எதிரிலும் சொன்னார், நீ தலையைக் குனிந்துகொண்டாய். அன்று எனக்கு நாக்கே எழவில்லை. போன வாரம் எழுந்தது. கொண்டு வரச் சொன்னது ஒங்க தம்பிதான் மாமா என்றேன். காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். உனக்கு நினைவிருக்கும், ஆஸ்பத்திரியில் படுக்கையில் இருந்தபடி அப்பா உன்னோடு போனில் பேசும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஊரான் வீட்டுக் கல்யாணம் எல்லாம் எடுக்குற, பெத்தவனுக்கு ஒரு படம் இல்லலா, வரும்போது பெரிய கேமராவாக் கொண்டா, போன்ல எடுக்கறதெல்லாம் வேணாம் என்று சொன்னாரா இல்லையா. தனியாகப் படம் எடுத்து மாட்டினால் ஆயுசு குறையும் என்று நான் எப்போதும் தடுப்பேன், அன்றும் வாயை அடக்குங்க என்று அதட்டினேன். அவர் எனக்குக் கண்ணடித்தார்.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது, அதையும் பெரியப்பாவிடம் சொன்னேன். வியாழக்கிழமை சாயங்காலம் அப்பாவுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. செல்வா எங்க வர்றான் என்று கேட்டார். நீ விமானத்தைத் தவறவிட்டது எனக்குத் தெரியும், ஆனால் வந்துகொண்டிருக்கிறான் என்றுதான் சொன்னேன். கேமரா வருதா என்றார். வருகிறது என்றேன். உடனே மாப்பிள்ளையைக் கூப்பிட்டு முகம் மழிக்கச் சொன்னார். நர்ஸிடம் கேட்டு ஒரு சின்னக் கிண்ணத்தில் வெந்நீர் வாங்கி மாப்பிள்ளைதான் மழித்துவிட்டார். மீசைய ஒழுங்கா வெட்டுலா, செல்வா கிட்டக்க வச்சு எடுப்பான் என்றார். தலையை வாரச் சொன்னார். என்னிடம் கண்ணாடி கேட்டார், என் கைப்பையில் இருந்த வட்டக் கண்ணாடியைக் காட்டினேன். இடது புருவத்துத் தழும்பைத் தடவிப் பார்த்து, இது படத்துல விழணும், பஸ் என்ஜின் மூடி குடுத்த பரிசு என்று சிரித்தார். அப்படியே தூங்கினார். விடியும்போது போய்விட்டார். முகம் அவ்வளவு சுத்தமாக இருந்தது செல்வா. எல்லோரும் சொன்னார்கள், தூங்குகிற மாதிரி இருக்கிறார் என்று. எனக்குத்தான் தெரியும், அவர் படத்துக்குத் தயாராக இருந்தார்.

பெரியப்பா அதைக் கேட்டுவிட்டு எழுந்து போய் அப்பா படத்தின் முன்னால் நின்றார். அந்தப் படத்தைத்தான் நீயும் பார்த்தாயே, பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாயே. அவசரத்தில் பெரியப்பா அப்பாவின் பழைய லைசென்ஸ் படத்தைக் கொண்டுபோய் மாசாயில் ஒரு கடையில் கொடுத்தார். அவன் பெரிதாக்கி, முகத்தை வெளுப்பாக்கி, கழுத்துக்குக் கீழே கறுப்புக் கோட்டும் சிவப்பு டையும் ஒட்டி, பின்னால் நீல வானமும் வைத்துக் கொடுத்துவிட்டான். தழும்பு அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டான் போலிருக்கிறது. தம்பி ராஜா மாதிரி இருக்கட்டும் என்று கோட்டைக் கேட்டு வாங்கியதே பெரியப்பாதான், ஆசையில் செய்தார். போன வாரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றவர், அலமாக், என் தம்பி கோட்டுப் போட்டு நான் பாத்ததே இல்லம்மா, இது யாரு என்று சொல்லிவிட்டுக் குழந்தைபோல விசும்பி அழுதார். சாப்பிடாமலே போய்விட்டார். வாசல் கேட்டைத் திறக்கும்போது, அவன் வரட்டும், அவன் கால்ல வேணும்னாலும் விழறேன் என்றார். அதெல்லாம் வேண்டாம், பெரியவர், நீ அவரை மன்னித்துவிடு.

தினமும் அந்தக் கோட்டுக்காரருக்குத்தான் விளக்கேற்றுகிறேன். என் புருஷன் என்று மனசு ஒப்ப மாட்டேன் என்கிறது. நாற்பது வருஷத்துக்கு மேல் பார்த்த முகம், கண்ணை மூடினால் இப்போதெல்லாம் கோட்டோடு வந்து நிற்கிறது. நிஜ முகம் எனக்கு மறந்துபோய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. அந்தப் பயத்தைச் சொல்ல எனக்கு வேறு வார்த்தை தெரியவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், கேமராவை விற்காதே. திவசத்துக்கு வரும்போது அதைக் கொண்டு வா. எதற்கு என்று கேட்பாய். என்னை எடுக்கத்தான். பயப்படாதே, எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் எனக்கும் ஒரு நாள் வரும், அன்றைக்கு யாராவது என் பழைய அடையாள அட்டைப் படத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடி, எனக்குப் பட்டுச் சேலையும் வைர அட்டிகையும் ஒட்டி வாங்கி வருவார்கள். எனக்கு அது வேண்டாம். அரக்குச் சேலை ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன், அப்பா வாங்கிக் கொடுத்தது. பொட்டு வைத்துக்கொண்டுதான் உட்காருவேன், யார் என்ன சொன்னாலும் சரி. அவர் பார்த்த முகம் அதுதான். ஆயுசு குறையும் என்று சொன்ன அதே வாயால் கேட்கிறேன், வந்து என்னை எடு ஐயா. அப்பாவுக்குச் செய்ய முடியாததை எனக்காவது செய்.

பக்கத்து வீட்டுக் கஸ்தூரியின் மருமகள் செனாய் விமான நிலையத்தில் பை சோதிக்கும் இடத்தில்தான் வேலை செய்கிறாள். அவளைப் பிடித்து உட்கார வைத்து எல்லாம் கேட்டுக்கொண்டேன். உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் அம்மா சொல்கிறேன். பேட்டரியைக் கீழே சரக்கோடு போட்டால் சூடாகிப் பற்றிக்கொண்டாலும் யாருக்கும் தெரியாதாம், மேலே ஆட்கள் நடுவில் இருந்தால் உடனே பார்த்து அணைத்துவிடலாமாம். நீயும் அப்படித்தான், அந்தக் குளிர் ஊரில் தனியாகக் கிடந்து உள்ளுக்குள்ளேயே எரிந்துகொண்டிருக்கிறாய், எங்கள் நடுவில் வந்து இரு. முனையில் டேப் ஒட்டித் தனித்தனிப் பையில் போடு. கேமராவை வெளியே எடுத்துத் தட்டில் வைக்கச் சொன்னால் முகம் சுளிக்காதே, அவர்கள் வேலை அது, உன்னைச் சந்தேகப்பட்டு இல்லை. மூன்று கால் ஸ்டாண்டைப் பெரிய பெட்டியில் வை. திரும்பிப் போகும்போது நான் தரும் விபூதியை லென்ஸுக்குப் பக்கத்தில் வைக்காதே. கற்பூரம் கொண்டுபோகவே கூடாதாம், இத்தனை வருஷமாக நான் உனக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறேன், அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டாள்.

இன்னொன்று. மலரையும் மாப்பிள்ளையையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன், பெரியப்பாவுக்கும் சொல்லி அனுப்பிவிட்டேன். எனக்கு ஏதாவது ஆனால், எந்தக் கிழமையானாலும் சரி, செல்வா வந்து சேரும் வரைக்கும் என்னை எடுக்கக் கூடாது. சனிக்கிழமையாகிவிட்டால் ஒரு கோழியைக் கட்டிக்கொள்ளுங்கள், அதுவும் நானும் பேசிக்கொண்டே போகிறோம் என்றேன். மலர் அழுதாள். நீ அழாதே. நீ எவ்வளவு தாமதமாக வந்தாலும் அம்மா இந்தத் தடவை காத்திருப்பேன்.

எங்கிருந்தாலும் அப்பாவின் நிழல் உன் தலைமேல் இருக்கட்டும், கையும் கண்ணும் குறைவில்லாமல் நீ நூறு வருஷம் நன்றாக இரு.

மறக்காதே, பேட்டரி கைப்பையில்.

உன் வரவுக்கு முகம் கழுவிக் காத்திருக்கும்
அம்மா
தனலெட்சுமி ஐயாசாமி