நிவேதனா நாடகம் பார்க்கலாமா

யூன் 12, வியாழன்

பள்ளிக்கூடத்தால் வந்ததிலிருந்து நிவேதனாவுக்கு ஒரே பல்லவி. கஜானி நாடகத்தில் நடிக்கலாமாம், தான் பார்க்கக்கூடாதாம், அது ஏனாம். கஜானி, எங்கள் நாடகக் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கிற பஞ்சலிங்கத்தின் மகள். எட்டு வயது. மேடையில் எனக்கும் மகள். என் சொந்த மகளுக்கு ஆறு. இரண்டு வயதுதானே வித்தியாசம் என்று கேட்டாள். வீட்டுப்பாடம் செய்துவிட்டாயா என்று பேச்சை மாற்றினேன்.

ராணி வேடம் கட்டி ஏழு தடவை பாடி நடித்துவிட்டேன். ஒருமுறைகூட இவளைக் கூட்டிப்போனதில்லை. கோயில் திருவிழாக்களில் தொடங்கவே பத்து மணியாகும், பிள்ளை நித்திரை முழிக்கக்கூடாது — நல்ல சாட்டு. இப்போது அதுவும் போய்விட்டது. அடுத்த மேடை யூலை 13, ஞாயிறு பின்னேரம் நான்கு மணி, எங்கள் புத்தூர் சனசமூக நிலைய மண்டபத்தில். வீட்டிலிருந்து நடக்கிற தூரம்.

யூன் 15, ஞாயிறு

பருத்தித்துறையில் ஒத்திகை. எத்தனை வயதில் பிள்ளைகளைக் கூட்டி வரலாம் என்று எல்லோரிடமும் கேட்டுப் பார்த்தேன். குழுவை நடத்துகிற ஆழ்வாப்பிள்ளை அண்ணை, தன் மகளை ஆறு மாதத்திலேயே மேடைக்குப் பின்னால் சேலை ஏணையில் போட்டு ஆட்டியதாகச் சொல்லிச் சிரித்தார். பஞ்சலிங்கத்தின் மனைவி பத்து வயது என்றார். அவருடைய மகள் எட்டு வயதில் மேடையில் சாகிறாள்! ஆளுக்கொரு வயது. இதற்கென்ன வாக்கெடுப்பா நடத்துவது?

யூன் 19, வியாழன்

எனக்கு என்னதான் பயம்? எழுதிப் பார்க்கிறேன்.

வேடத்துக்கல்ல, வாளுக்குமல்ல. கடைசிக் காட்சிக்கு. நாடிழந்த ராணி உப்பளத்தில் கூலி வேலை செய்கிறாள், மகள் காய்ச்சலில் சாகிறாள், ராணி அவளை மடியில் போட்டுப் புலம்புகிறாள். எனக்குப் பொய்யாக அழத் தெரியாது. போன வருடம் என் அப்பா செத்தபோது நான் அழுததைப் பார்த்து, இரண்டு கிழமை என் சட்டையைப் பிடித்தபடியே திரிந்தவள் இவள். கிணற்றடிக்குப் போனாலும் பின்னால். கக்கூசுக்குப் போனால் வாசலில்.

என் கணவர் கோபிக்கு எதுவும் பெரிதில்லை. பருத்தித்துறை பஸ் ஓட்டி ஓட்டி எதற்கும் பதறாத மனிதராகிவிட்டார். "கோயில் சூரன்போரிலை சூரன்ரை தலை விழேக்கை என்ரை தோளிலை இருந்து கை தட்டினவள். உவள் பயப்பிடமாட்டாள், கௌரி" என்றார்.

சூரன் அவளுக்கு அம்மாவா?

யூன் 26, வியாழன்

நிவேதனாவிடம் ஓம், வா என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய் மூடவில்லை, வேண்டாம் என்றிருக்கலாமோ என்று தோன்றிவிட்டது.

யூலை 5, சனி

அவளை ஆயத்தப்படுத்துகிறேன். கதை முழுவதையும் சொன்னேன். அரிதாரப் பெட்டியைத் திறந்து காட்டினேன். கஜானியை வீட்டுக்குக் கூப்பிட்டு, பாயில் செத்துக் காட்டச் சொன்னேன். அவள் வடிவாகச் செத்தாள், பிறகு எழும்பி மிக்சர் சாப்பிட்டாள். அதன்பின் இரண்டு பேரும் மாறி மாறிச் செத்து விளையாட, விளக்கு வைக்கிற நேரத்தில் இதென்ன விளையாட்டு என்று மாமி, கோபியின் அம்மா, என்னைத்தான் ஏசினா.

இனிப் பயமில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டது எதுவும் இல்லை.

யூலை 13, ஞாயிறு

ஐயோ, என்ன வேலை செய்து வைச்சிருக்கிறன்.

யூலை 14, திங்கள்

பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டேன், அவளுக்கும், படிப்பிக்கிற எனக்கும். எழுதினால் கொஞ்சம் ஆறுமோ தெரியவில்லை.

எங்கள் நாடகத்தில் புலம்பலுக்கு எழுத்து இல்லை. ஆழ்வாப்பிள்ளை அண்ணை அந்த இடத்தை நடிக்கிறவருக்கு விட்டுவிடுவார், வாயில் வருவதைப் பாட வேண்டும். முதல் ஒத்திகையில் கஜானியின் தலை மடிக்கு வந்ததும் என் வாயில் வந்தது நிவேதனாவின் தாலாட்டு. "வெங்காயப் பூவே, அம்மாவின் குஞ்சே, விடியும் மட்டும் கண்வளராய்." அவள் பிறந்த மாதத்தில் நானே கட்டியது. தோட்டத்தில் வெங்காயம் பூத்திருந்தது. விடியும் மட்டும் என்று செத்த பிள்ளைக்குப் பாடும்போது ஒத்திகை பார்த்த எல்லோரும் உடைந்துபோனார்கள். அதை விடாதே என்றார் அண்ணை. அதன்பின் எல்லா மேடையிலும் அதுதான்.

வாளைச் சொன்னேன், சாவைச் சொன்னேன், கண்ணீரைச் சொன்னேன். பாட்டைச் சொல்லவில்லை. மறைக்கவில்லை, அது அவளுடையது என்ற நினைப்பே வரவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

நேற்று அவள் முன்வரிசையில் இருந்தாள். நான் தொடங்கியதும் கதிரைமேல் ஏறி நின்றாள். அழவில்லை. என்னையே பார்த்தாள். பிறகு இறங்கி வெளியே நடந்தாள், கோபி பின்னால் ஓடினார். நான் பாடிக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை. இரண்டாம் முறையும் பாடினேன், சனம் அழுதது.

வீட்டுக்கு வந்து, இது நாடகம்தானே என்றேன்.

"நாடகம் எண்டு எனக்குத் தெரியும்" என்றாள். "அது என்ரை பாட்டு. ஏன் செத்த பிள்ளைக்குப் பாடினனீங்கள்?"

யூலை 16, புதன்

மாமியோடு படுக்கிறாள். படுக்கும் நேரம் போய்த் தாலாட்டை மெல்லத் தொடங்கினேன். சின்னக் கையால் என் வாயைப் பொத்தினாள்.

யூலை 20, ஞாயிறு

உயிரோடு இருக்கிற பிள்ளையின் பாட்டைப் பிணத்துக்குப் பாடுவதா என்று மாமி உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டா. எனக்கு அதில் நம்பிக்கையில்லை என்று வீம்பாக நின்றேன். பின்னேரம் பிள்ளைக்கு உடம்பு கொஞ்சம் சுட்டதுபோல இருந்தது. நாலு தரம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தவள் யார்? நான்தான்.

யூலை 27, ஞாயிறு

பாட்டை மாற்றப்போகிறேன் என்று ஆழ்வாப்பிள்ளை அண்ணையிடம் சொன்னேன்.

"சனத்துக்கு அந்த இடம்தான் நாடகம், பிள்ளை" என்றார்.

அப்படியென்றால் வேறு ராணியைப் பாருங்கோ என்றேன். பாட்டை மாற்றச் சம்மதித்துத் தலையாட்டினார். வெற்றி மாதிரித்தான் இருந்தது, பஸ் ஏறும்வரை. அந்த இடத்தில் சனம் அழுவது எனக்குப் பிடிக்கும். மிகவும் பிடிக்கும். இந்த ஆசைக்குத்தான் பிள்ளையின் பாட்டை எடுத்துக் கொடுத்தேன். நாடகம் பார்க்க அவளுக்கு வயது காணுமோ என்று ஊரெல்லாம் கேட்டுத் திரிந்தேனே!

ஓகஸ்ட் 5, செவ்வாய்

ராணிக்கு ஒரு பாட்டும் வருகுதில்லை. எதை எழுதினாலும் பழைய மெட்டிலேயே போய் விழுகிறது. நிவேதனா கதவடியில் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

ஓகஸ்ட் 9, சனி

வந்துவிட்டது. உப்பைப் பற்றி, ராணியின் கை வெடிப்பைப் பற்றி. சுமார்தான். ஆனால் ராணியுடையது.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

உடுவிலில் ஒரு மண்டபத்தில், பின்னேரக் காட்சி. நான் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிடுகிற முகம் எனக்கில்லை. புறப்படும்போது பார்த்தால், சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். கோபி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். மூன்று பேருமாகப் புறப்பட்டோம்.

புதுப்பாட்டில் இரண்டு இடத்தில் சொல் தட்டியது. சனம் அமைதியாகக் கேட்டது, கண் துடைத்தவர்கள் சிலர்தான். இன்றைக்குக் கண்ணீர் குறைவு என்று ஆழ்வாப்பிள்ளை அண்ணை முகத்துக்கு நேரே சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

பஸ் தரிப்பில் நிற்கும்போது நிவேதனா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இண்டைக்குக் கஜானிக்குக் கொஞ்சமாத்தான் அழுதனீங்கள், என்னம்மா?"

ஓம் என்றேன்.

நன்றாக யோசித்துத் தலையாட்டினாள். பிறகு என் கையைப் பிடித்தாள், பஸ் வரும்வரை விடவில்லை.