மூன்றாம் ஓலையும் விமானக் கேமராவும்

சேசு மரி சூசை துணை

கம்பம்மெட்டு
23-9-1974

அன்பு மகள் பிலோமிக்கு அப்பா பாஸ்கல் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், ஆடு கோழிகூடச் சுகம்தான், அந்தக் குளிர் தேசத்தில் ஆஸ்பத்திரி வேலையோடு நீயும் உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறோம். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், காகிதத்தில் புகை வாசம் அடித்தால் அது என் கோபம் என்று நினைத்துவிடாதே, கோபம் தனியாக வருகிறது. நீ லீவில் வந்த பிறகு நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்கிறாள் உன் அம்மா. நேற்றுக் கோவிலில் நடந்தது மலை முழுக்கத் தெரிந்திருக்க, உனக்கு மட்டும் தெரியாமல் இருப்பது நியாயமில்லை. உன் கல்யாணத்துக்கு மூன்றாம் ஓலை நேற்று வாசிக்கவில்லை. நிறுத்தியது நான்தான். பதறாமல் முழுக்கப் படி.

உன் லீவு குறைவு என்பதால், மூன்று ஞாயிறு பூசையில் பேரைச் சொல்லித் தடை உண்டா என்று கேட்கிற கல்யாண ஓலையைச் சாமியார் முன்கூட்டியே வாசிக்க ஒத்துக்கொண்டதை எழுதியிருந்தேன் அல்லவா. முதல் ஓலை வாசித்த அன்று உன் மாப்பிள்ளை சுவக்கீனின் அம்மா கத்தரீனாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்க மகளக் குடுத்தாப் போதும்ண்ணே, வேற ஒரு துரும்பும் வேண்டாம் என்றாள். அந்த வாரம்தான் உன் மாப்பிள்ளை கோயம்புத்தூர் போய் ஒரு கேமரா வாங்கிக்கொண்டு வந்தான். கழுத்தில் தொங்கவிடுகிற கேமரா இல்லை. யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் ஆகாய விமானத்தின் வயிற்றில் பொருத்தி, கீழே இருக்கிற ஊர்களையெல்லாம் படம் எடுத்தானாம், அந்தச் சாமான். பழைய இரும்புக் கடையில் கிடந்திருக்கிறது. இரண்டு பேர் பிடித்து ஜீப்பிலிருந்து நம் முற்றத்தில் இறக்கினார்கள். நம் வீட்டுக்கு ஏன் வந்தது என்றால், நீ அதை ஜெர்மனியில் விற்றுத் தர வேண்டுமாம். தன் ஊரில் குண்டு போடுவதற்காகப் படம் எடுத்த பெட்டியை அந்த ஊர்க்காரனே ஆசைப்பட்டு வாங்குவானாம். நான் சிரித்துவிட்டேன். சிரிக்காதிய மாமா, அங்க இதுக்கு ஒரு பங்களாவே எழுதித் தருவான் என்றான்.

அதற்கு விலை மதித்த அழகை நீ பார்த்திருக்க வேண்டும். கத்தரீனாள் அதை நம் ஏலக்காய்த் தராசில் ஏற்றச் சொன்னாள், இவ்வளவு கனம் கனக்குதே, சும்மாவா என்றாள். கங்காணி பெரியமுத்து தகட்டில் கிரீடம் பொறித்திருப்பதைப் பார்த்துவிட்டு, இது ராஜா சொத்து என்று செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தொட்டார். நானும் சும்மா இருக்கவில்லை, மோந்து பார்த்தேன், ஏலக்காய்க்காரன் புத்தி வேறெங்கே போகும். சுவக்கீன் பின்மூடியைக் கழற்றிவிட்டு உள்ளே கண்ணை வைத்து, என்ன தெளிவு பாருங்க மாமா, உள்ளது உள்ளபடி தெரியுது என்றான். பார்த்தேன். முற்றத்தில் கட்டியிருந்த ஆடு ஆடாகவே தெரிந்தது, பெரிதுமில்லை, சிறிதுமில்லை. இதற்கு என் கண்ணே போதுமே என்று சொல்ல வந்தவன், மாப்பிள்ளை மனம் கோணக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

டீக்கடையில் கேமராவுக்கு விலை ஏற ஏற மாப்பிள்ளைக்கும் விலை ஏறியது. பங்களா என்று தொடங்கியது இரண்டாம் ஓலைக்குள் எஸ்டேட் ஆகிவிட்டது. அன்று பூசை முடிந்து கத்தரீனாள் வந்து உட்கார்ந்தபோது நான் அண்ணன் இல்லை, வெறும் கணக்குப்பிள்ளை. ஸ்திரீதனம்னு நாங்க கேக்கல கணக்குப்பிள்ள, எம்மவன் இப்பப் பழைய சுவக்கீன் இல்ல, அவனுக்குத் தக்கன நீங்களும் செய்யணும்லா என்றாள். சர்க்கார் பட்டயம் கிடைத்த நம் ஒரு ஏக்கர் ஏலத்தோட்டத்தை அவன் பேருக்கு எழுதித் தர வேண்டுமாம். நானும் உன் அம்மாவும் அட்டைக்கடி பட்டு உண்டாக்கிய தோட்டம், வயசான காலத்தில் எங்களுக்குக் கஞ்சி ஊற்றப் போவது அதுதான். அப்போது சுவக்கீன் எங்கே போயிருந்தான் என்று கேட்பாய். எங்கேயும் போகவில்லை, பக்கத்தில்தான் கேமராவுக்குள் கண்ணை வைத்து ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது வேண்டாம்மா என்று ஒரு வார்த்தை சொல்லுவான் என்று அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லவில்லை.

கேமராவின் விலை தெரிந்த ஆள் யாரையாவது கூப்பிட்டுக் காட்டுவோம், மாப்பிள்ளையின் விலையை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றேன். கம்பத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் சங்கையா, முன்னே விமானப்படையில் இந்த மாதிரிக் கேமராக்களைப் பழுது பார்த்தவர், சனிக்கிழமை பஸ் ஏறி வந்தார். பெண் பார்க்க வந்தவரைக் கவனிப்பது போலக் கத்தரீனாள் அவரைக் கவனித்தாள். அவர் கனத்தையும் பார்க்கவில்லை, கிரீடத்தையும் பார்க்கவில்லை, உள்ளே கையை விட்டுத் துழாவினார். இதுல விலையெல்லாம் லென்சுக்குத்தான்யா, லென்சு இருக்கா, பூஞ்சை புடிக்காம இருக்கா, ஷட்டர் வேலை செய்யுதா, பிலிம் பெட்டி கூட இருக்கா, அதத்தான் பாக்கணும், மத்தது தகர டப்பா என்றார். இதில் லென்சையும் ஷட்டரையும் எவனோ எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டான், முன்னால் இருப்பது தூசி விழாமல் போட்ட வெறும் கண்ணாடியாம். லென்சு இருந்திருந்தா ஆடு தலைகீழால்ல தெரிஞ்சிருக்கும் என்று அவர் சொன்னதும் பெரியமுத்து போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

சங்கையா டீ குடித்து முடிப்பதற்குள் நான் மறுபடியும் அண்ணன் ஆகிவிட்டேன். தோட்டமெல்லாம் எதுக்குண்ணே, பிள்ளைக சந்தோசமா இருந்தாப் போதாதா என்கிறாள் கத்தரீனாள். சுவக்கீன் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது மகளே, ஏமாந்ததில் என்ன குற்றம், நானும்தானே மோந்து பார்த்தேன். ஆனால் அவன் என்னை ஸ்டோர் பக்கம் தனியாகக் கூட்டிப்போய், மாமா, இத பிலோமிக்கு எழுதிராதிய, அவ பாட்டுக்கு அங்க வித்துத் தரட்டும், உள்ள ஒண்ணுமில்லன்னு வாங்குறவனுக்குத் தெரியவா போவுது, நர்சம்மா சொன்னா எவனும் நம்புவான் என்றான். பிறத்தியானை ஏமாற்ற உன் பேரையும் உன் நர்ஸ் உடுப்பையும் அவன் மனசுக்குள் எடுத்து வைத்துக்கொண்டாயிற்று.

நேற்றுப் பூசையில் சாமியார் ஓலையைக் கையில் எடுத்ததும் எழுந்து நின்று, தடை இருக்கிறது சாமி என்றேன். என்ன தடை, ரத்த உறவா என்று கேட்டார். உறவெல்லாம் இல்லை சாமி, மாப்பிள்ளையின் விலை இன்னும் முடிவாகவில்லை, வாரத்துக்கு ஒன்று சொல்கிறார்கள் என்றேன். பெண்கள் பக்கம் முக்காட்டுக்குள் சிரிப்பு கிளம்பியது. கத்தரீனாள் பூசை முடியுமுன் எழுந்து போய்விட்டாள். உன் அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டு குனிந்தவள் நிமிரவேயில்லை, சிரித்தாளா அழுதாளா என்று இன்னும் என்னிடம் சொல்லவில்லை. முன்னமே நான் தங்குகிற அறை வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாமே, கோவில் என்ன சந்தையா என்று சாமியார் பிறகு திட்டினார், அது சரிதான்.

இவ்வளவு வாய் பேசுகிறேனே தவிர இந்த இடத்தை மூன்று தரம் அடித்துத் திருத்தி எழுதுகிறேன். போன லீவில் அவனைப் பார்த்த அன்று நீ அடுப்படியில் பாடிக்கொண்டே இருந்தாயே, அது இன்னும் என் காதில் இருக்கிறது. உன் ஆசையை ஊர் முன்னால் நிறுத்தி வைக்க எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை, அதனால் முறிக்கவில்லை, நிறுத்தித்தான் வைத்திருக்கிறேன். வேண்டும் என்று எழுது, நானே போய்க் கத்தரீனாளிடம் மன்னிப்புக் கேட்டு, அடுத்த ஞாயிறே மூன்றாம் ஓலையை வாசிக்கச் சொல்கிறேன், என் மனவருத்தத்தை உன் கல்யாணப் பந்தலுக்குக் கொண்டுவர மாட்டேன். வேண்டாம் என்றால் அந்த ஒரு சொல் போதும், காரணம் எழுதாதே. ஒன்றை மட்டும் யோசித்துக்கொள். உன் அம்மாவின் கஞ்சியைப் பிடுங்கும்போது வாய் திறக்காதவன் நாளை உனக்காக எங்கே வாய் திறப்பான். கேமரா நம் முற்றத்திலேயே கிடக்கிறது, எடுத்துப்போக யாரும் வரவில்லை, வெள்ளைக் கோழி அதற்குள் முட்டையிடுகிறது.

கம்பளிக் காலுறை போடாமல் வார்டுக்குப் போகாதே, மறதியாக ஒருவேளைச் சாப்பாட்டை விட்டுவிடாதே. நானும் உன் அம்மாவும் இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறோம். யாருக்கும் பயந்து பதில் எழுதாதே, எனக்குப் பயந்தும் எழுதாதே. மாப்பிள்ளை யாராக இருந்தாலும் சரி, உனக்கு விலை பேச இனி ஒருத்தரையும் நம் வாசலில் ஏற்ற மாட்டேன்.

இப்படிக்கு
உன் அப்பா
பாஸ்கல்