மண்டியிட்டால் தேர்வு போச்சு

செம்வாங்கா,

மத்தோக்கே வாழைக்காய் இலைக்குள் வெந்துகொண்டிருக்கிறது, வெந்ததும் இறக்கிவிடுங்கள். மதியம் உங்கள் அம்மா வந்ததும் முதல் தட்டு அவருக்கு.

நான் சுகாதார நிலையத்துக்குப் போகிறேன். கரண்ட் போகாத இடம் அங்கே தடுப்பூசி அறை ஒன்றுதான். இன்று உலக சுகாதார முதுகலைப் படிப்பின் மறுதேர்வு. இதுவும் போனால் ஆன்லைன் படிப்பிலிருந்தே என்னை நீக்கிவிடுவார்கள்.

போன தடவை பாதித் தேர்வில் அத்தை உள்ளே வந்தார். மருமகள் நாற்காலியில் உட்கார்ந்தபடியா வணக்கம் சொல்வாள்? நம் வழக்கப்படி சட்டென்று தரையில் மண்டியிட்டேன். தேர்வைக் கண்காணிக்கும் கேமராவில் தெரிந்ததோ காலி நாற்காலி. மேஜைக்கடியில் காப்பியடித்தேன் என்று தேர்வையே ரத்து செய்தார்கள்.

அதனால்தான் நேற்று, "நாளைக்கு மட்டும் அம்மாவை வர வேண்டாம்னு சொல்லுங்க" என்று கெஞ்சினேன். "பட்டமே இன்னும் வரல, அதுக்குள்ள மரியாதை போயிடுச்சா?" என்று கத்தினீர்கள்.

உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், அவரை அங்கே அனுப்பாதீர்கள். அவரைப் பார்த்தால் என் முழங்கால் என் பேச்சைக் கேட்காது.

நல்வோகா

பி.கு: ஐயோ, அத்தை இப்போதே வந்துவிட்டார்! மண்டியிட்டபடியே எல்லாம் சொல்லி அழுதுவிட்டேன். "எழுந்திருடி பைத்தியம்! என் மூஞ்சியைப் பார்த்தாத்தானே மண்டி போடுவே? நான் வாசல்ல முதுகைக் காட்டி உக்காந்துக்கறேன். எவனும் உள்ள வர முடியாது" என்கிறார். கூடவே கிளம்பிவிட்டார்.

நீங்களே சாப்பிடுங்கள். அந்தப் பக்கம் வந்துவிடாதீர்கள், உங்களையும் விடமாட்டாராம்.